பரீட்சைக்கு ஒரு வாய்

பரீட்சைக்கு இன்னும் ஒம்பது நாள்தான் பாக்கி. அன்னிக்குப் பாத்து ராமதாஸ் வர முடியாதுன்னுட்டாரு.

"நீதானம்மா சொன்ன, ஒண்ணும் இல்லனு."

"ஆமாங்க. ஒண்ணும் இல்லதான்."

"ஒண்ணும் இல்லாததுக்கு இன்னாத்துக்கு நான் அங்க வரணும்?"

சிநேகா போனை மறு காதுக்கு மாத்துனா. மூணு வருஷமா படிச்ச புஸ்தகம் எதுலயும் இந்தக் கேள்விக்கு பதில் இல்ல.

"ஒரே ஒரு தடவை பாத்துட்டு அனுப்பிடுவோங்க. அடுத்த வெள்ளிக்கிழமை காலையில மட்டும்."

"இது எறா படற நேரம்மா. வலைய போட்டுட்டு வந்து வாயக் காட்டினு ஒக்கார முடியுமா? வெச்சுடறேன்."

வெச்சுட்டாரு.

சிநேகா ஓ.எம்.ஆர். ரோட்டுப் பக்கம் ஒரு பல் காலேஜ்ல மேல்படிப்பு, கடைசி வருஷம். பல்லு புடுங்கறது, பல்லு கட்டறது எல்லாம் வேற டிபார்ட்மெண்ட். நாக்கு, கன்னம், அண்ணம், உதட்டு உள்பக்கம், இங்கெல்லாம் புண்ணோ தடிப்போ நெறம் மாறியோ இருந்தா அது இன்னதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் இவ படிப்பு. பரீட்சைல பேப்பர்ல எழுதறது பாதிதான். மீதிக்கு நெஜமான நோயாளி ஒருத்தர நாற்காலில ஒக்கார வெச்சு, வெளியூர்லருந்து வர்ற பெரிய டாக்டருங்க முன்னாடி, இது என்ன, ஏன் இது வேற ஒண்ணு இல்ல, இதுக்கு என்ன பண்ணணும்னு சொல்லணும். அந்த நோயாளிக்குப் பேரு கேஸ். அவங்கவங்க கேஸை அவங்கவங்களே தேடிப் புடிச்சுக் கொண்டாரணும். அந்த காலேஜ்ல அதுதான் பழக்கம்.

போன தடவை சிநேகா ஒரு லாரி டிரைவரைக் கொண்டு வந்தா. மூணு வாரமா ஆறாத புண்ணு, நாக்கு ஓரத்துல. நல்ல புண்ணு. பரீட்சை அன்னிக்கு காலையில அவரு சிரிச்சுகிட்டே வந்து வாயத் தொறந்து காட்டறாரு, புண்ணு ஆறிப் போச்சு. "உங்க மருந்து சூப்பர் மேடம்"னு கையெடுத்துக் கும்புடறாரு. இவளுக்கு அழுகை வந்துடுச்சு. அவரு ஆனந்தக் கண்ணீருன்னு நெனச்சுக்கிட்டாரு. பெயிலு.

சிநேகாவோட அப்பா ஜெபசிங் சிறுசேரில ஒரு கம்பெனி வாசல்ல செக்யூரிட்டி. அவங்க வம்சத்துலயே முதல் டாக்டர் இவ. பரீட்சை முடிஞ்ச ஞாயித்துக்கிழமையே அவரு சர்ச்சுல நன்றிக் காணிக்கை வெச்சுட்டாரு. ரிசல்ட்டு வந்தப்பறம் மகளத் திட்டல. "காணிக்கைய திருப்பிக் கேக்க முடியாதும்மா. நீதான் திருப்பி எழுதணும்"னாரு. மூணாவது தடவை எழுத வூட்ல தெம்பு கெடையாது. அது ரெண்டு பேருக்கும் தெரியும், பேசிக்கல.

அந்த நேரத்துல கெடச்சவருதான் ராமதாஸ். முட்டுக்காட்டு உப்பங்கழில வலை வீசறவரு, வயசு அறுவது. காலேஜ்ல அங்க ஒரு கேம்ப் போட்டாங்க. அவரு பொண்டாட்டி காசியம்மாளுக்குக் கடவாப் பல்லு வலி, துணைக்கு வந்தாரு. வந்ததுக்கு நீங்களும் காட்டுங்கன்னு சொல்லி சிநேகா டார்ச் அடிச்சுப் பாத்தா. ரெண்டு கன்னத்துக்கும் உள்பக்கம், பால்ல ஊறுன பன்னு மாதிரி, வெள்ளையா தடிப்பா மடிப்பு மடிப்பா. பஞ்சு வெச்சுத் தேச்சா வரல. கன்னத்த இழுத்துப் புடிச்சாலும் மறையல.

"பொகையில போடுவீங்களா?"

"வாசன பட்டாலே தும்மல் வரும்மா."

"எப்பத்துலருந்து இருக்கு?"

"சின்ன வயசுலருந்தே கீது."

சிநேகா டார்ச்ச இன்னும் கிட்ட கொண்டு போனா. புஸ்தகத்துல ஒரே ஒரு படம் பாத்திருக்கா. ஒயிட் ஸ்பாஞ்ச் நீவஸ். பரம்பரையா வர்றது, லட்சத்துல ஒருத்தருக்குக் கூட இருக்காது. வலிக்காது, பரவாது, புற்றா மாறாது. வைத்தியமே வேணாம். காசியம்மாளுக்கு பல்லு புடுங்க காலேஜுக்கு வேன் போச்சு, அதுலயே அவரையும் இட்டுகினு போயி, துளியூண்டு சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினா. ரிப்போர்ட்டும் அதையேதான் சொல்லுச்சு. டிபார்ட்மெண்ட் மேடம் வந்து பாத்து, "இருவத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல நான் பாத்ததில்ல. பத்திரமா வெச்சுக்கோ"ன்னாங்க, தங்க வளையல சொல்ற மாதிரி.

சிநேகா முட்டுக்காட்டுக்கே நேர்ல போயி, "இது ஒண்ணுமே இல்லங்க"ன்னு சொன்னா. ராமதாஸ் மூணு தடவை கேட்டாரு, நெசமாவான்னு. மூணு தடவையும் நெசம்னா. ஒரு பை நெறைய எறா குடுத்து அனுப்பினாரு.

இப்போ அந்த நெசம்தான் வெனையாப் போச்சு.

அட்டெண்டர் விஜயகுமாரி அக்கா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே ட்ரே தொடச்சுகினு இருந்தாங்க. அந்த டிபார்ட்மெண்ட்ல எத்தினியோ பரீட்சை பாத்தவங்க.

"ஒண்ணும் இல்லன்னு யாராச்சும் பேஷண்டு கிட்ட சொல்லுவாங்களா? பரீட்சை முடிஞ்சப்பறம் சொல்றதுதான?"

"தப்பு இல்லையாக்கா?"

"பொய்யி சொல்ல சொல்லல. கொஞ்சம் இழுத்து சொல்லு. பெரிய டாக்டரு பாக்கணும்னு சொல்லு. அது உண்மைதான?"

உண்மைதான். அதான் சிநேகாவுக்கு வசதியாப் போச்சு. வியாழக்கிழமை போன் போட்டா.

"அண்ணே, உங்க ரிப்போர்ட்ட திருப்பிப் பாத்தோம். வெளியூர்லருந்து பெரிய டாக்டருங்க வராங்க. அவங்க ஒரு தடவை பாத்தே ஆகணும். அசால்ட்டா விட்டுடாதீங்க."

அந்தப் பக்கம் வலைய கீழ போடற சத்தம் கேட்டுச்சு.

"அண்ணே?"

"காலேஜ்லயா?"

"ஆமாங்க."

"பெரிய டாக்டருங்களா."

"ஆமாங்க. வந்துடுவீங்கல்ல?"

"வரேம்மா."

குரல் கெணத்துக்குள்ளருந்து வந்த மாதிரி இருந்துச்சு. சிநேகா அத கவனிக்கல. கேஸ் ஷீட்ல பேரு எழுதிகினு இருந்தா.

சனிக்கிழமை காசியம்மாள் போன் பண்ணாங்க.

"டாக்டரம்மா, எங்க ஆளு ரெண்டு நாளா சோறு துண்ணல. வலைய எடுத்து தம்பிகாரன் கையில குட்த்துட்டாரு. படகையும் அவன் பேருக்கு எழுதணும்னு சொல்லிகினு கீறாரு. நீ இன்னா சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லலையேம்மா. பெரிய டாக்டர் பாக்கணும்னேன்."

"அதான் சொல்லிட்டியே." காசியம்மாள் மூச்சு விட்டாங்க. "நாளிக்கி கோவளத்துல ஒருத்தர பாக்கப் போறோம். மயில்துத்தமும் படிகாரமும் வெச்சு தேச்சு, வெள்ளைய உரிச்சு எட்த்துடுவாராம். ரெண்டே தடவைல வாயி ரோசாப்பூ மாதிரி ஆயிடுமாம்."

மயில்துத்தம் வாய்க்குள்ள போனா கன்னம் வெந்துரும். அதுதான் சிநேகா மொதல்ல நெனச்சா, அதையும் சொல்லணும். ஆனா ரெண்டாவதா நெனச்சது, வெள்ளிக்கிழமை வாயி ரோசாப்பூ மாதிரி இருந்தா இன்னாத்த காட்டறது.

ஞாயித்துக்கிழமை ஆராதனைய விட்டுட்டு, பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் மாறி மாறிப் புடிச்சு ஓடுனா. ராமதாஸ் சட்டையப் போட்டுகினு கோவளத்துக்குக் கெளம்பி நின்னுகினு இருந்தாரு.

"அத தொடக் கூடாதுண்ணே. யாரையும் தொட விடக் கூடாது."

"தொட்டா?"

ஒரு வார்த்தையில நிறுத்தியிருக்கலாம். புண்ணாயிடும்னு சொல்லியிருக்கலாம். சிநேகாவுக்கு அவசரம்.

"தொட்டா வம்பு. வெள்ளிக்கிழமை வரைக்கும் அது இருக்கற மாதிரியே இருக்கணும்."

ராமதாஸ் சட்டையக் கழட்டி ஆணில மாட்டிட்டு ஒக்காந்துட்டாரு. கோவளம் பயணம் நின்னுது. சிநேகா நிம்மதியா வூட்டுக்கு வந்தா.

திங்கக்கெழமையிலருந்து ராமதாஸ் வாயத் தொறக்கறத நிறுத்திட்டாரு. தொட்டா வம்புன்னா, சோறும் தொடும், நாக்கும் தொடும், பேச்சும் தொடும். கஞ்சிய ஸ்ட்ரா வெச்சு உறிஞ்சறாரு. பேசணும்னா கையக் காட்டறாரு. பேரு சொல்லி யாராச்சும் கூப்ட்டா புருவத்தத் தூக்கறாரு. முட்டுக்காடே பேச ஆரம்பிச்சுச்சு. நாப்பது வருஷமா கத்திகினே வலை போட்ட மனுசன் மூணு நாளா வாயத் தொறக்கலன்னா சும்மாவா. ஆளாளுக்கு ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் வாங்கிகினு வந்து, காலடியில ஒக்காந்து, அவரப் பத்தி அவரு முன்னாடியே இறந்த காலத்துல பேசிட்டுப் போனாங்க.

"நல்ல மனுசன்."

"யாருக்கும் ஒரு கெடுதல் நெனைக்கல."

அவரு புருவத்தத் தூக்குவாரு. அது நன்றியா, நான் இன்னும் கீறேன்டான்னு அர்த்தமான்னு யாருக்கும் புரியல.

செவ்வாக்கிழமை சிநேகா கேஸ் ஷீட்டுக்கு நாலு கேள்வி கேக்கப் போனா. அப்போதான் பாத்தா, ராமதாஸுக்குத் தனியா ஒரு டம்ளரு, தனியா ஒரு தட்டு, தனியா ஒரு சோப்பு. வந்துட்டுப் போற ஜனம் எல்லாம் ரெண்டடி தள்ளியே ஒக்காருது.

"இன்னாம்மா இது?"

"ஒட்டிக்கும்னு சொல்றாங்களே," காசியம்மாள் மெதுவா சொன்னாங்க.

அங்கதான் சிநேகாவுக்கு மொதல் தடவையா நெஞ்சுல ஒரு முள்ளு குத்துச்சு. இதயாச்சும் சரி பண்ணணும்னு நெனச்சா. எல்லாரும் கேக்கற மாதிரி சத்தமா சொன்னா: "இது ஒட்டவே ஒட்டாது. இது ரத்தத்துல வர்றது. தாய் தகப்பன்கிட்டருந்து புள்ளைக்கு வரும். பக்கத்துல ஒக்காந்தா வராது."

ஜனம் ரெண்டடி கிட்ட வந்து ஒக்காந்துச்சு. சிநேகா ஒரு நல்ல காரியம் பண்ணிட்டோம்னு நெனச்சுகினு ஷேர் ஆட்டோ ஏறுனா. அவ பேசுனது அவ வூடு போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே திருப்போரூர் போய்ச் சேந்துடுச்சு. அங்கதான் ராமதாஸ் மகளக் கட்டிக் குடுத்திருந்தாரு.

புதன்கிழமை சாயங்காலம் காசியம்மாள் போன் போட்டு ஒரே வார்த்த சொன்னாங்க. "வா."

போனா. வாசல்ல பிளாஸ்டிக் சேர்ல ஒரு அம்மா ஒக்காந்திருந்தாங்க. ராமதாஸோட சம்பந்தி, பேரு பூவாயி. பக்கத்துல தரையில ராமதாஸ் மக, மடியில நாலு வயசுப் பையன். மூட்டையும் ஒண்ணு இருந்துச்சு. மூட்டையப் பாத்ததும் சிநேகாவுக்குப் புரிஞ்சுது, இது பாத்துட்டுப் போக வந்த வரவு இல்ல, விட்டுட்டுப் போக வந்த வரவு.

"நீதான் டாக்டரா?" பூவாயி ஆரம்பிச்சாங்க. "ரத்தத்துல வர்ற நோயாமே. மறைச்சு கட்டிக் குட்த்துட்டாங்க. எம் பேரன் வாயிலயும் வெள்ளையா கீது. நல்லா பாத்து சொல்லு. எத்தினி வயசுல இவனுக்கு வரும்? எத்தினி நாளு இருப்பான்?"

சிநேகா மண்டி போட்டு ஒக்காந்தா. பையன் வாயத் தொறந்தான். போன் வெளிச்சத்துல பாத்தா, அந்தச் சின்னக் கன்னத்துல அதே வெள்ளை, அதே மடிப்பு. பாவி மனசு, ஒரு நொடி குதிச்சுது. தாத்தாவுக்கும் இருக்கு, பேரனுக்கும் இருக்கு, பரம்பரைக்கு சாட்சியே கெடச்சுடுச்சு. இத வெள்ளிக்கிழமை சொன்னா எக்ஸாமினர் எழுந்து நிப்பாரு.

அப்பறம் தலையத் தூக்கினா. பையனோட அம்மா அழல. முந்தானையால அவன் ஒதட்ட தொடச்சுகிட்டே இருந்தா. தொடைக்க ஒண்ணும் இல்ல, இருந்தும் தொடைக்கிறா. தொடச்சா போயிடும்னு தொடைக்கிற மாதிரி.

சிநேகா போன் வெளிச்சத்த அணைச்சா.

"இது நோயே இல்ல," அப்படின்னா. "கன்னத்துல குழி விழற மாதிரி, முதுவுல மச்சம் இருக்கற மாதிரி. நூறு வயசு வரைக்கும் ஒண்ணும் பண்ணாது. மருந்து வேணாம், பத்தியம் வேணாம். மொதல் நாளே அண்ணன் கிட்ட இததான் சொன்னேன். அதான் உண்மை. அதுக்கப்பறம் சொன்னதெல்லாம் நானா பயமுறுத்துனது."

பூவாயி சேரை முன்னால இழுத்தாங்க. "இன்னாத்துக்கு பயமுறுத்துன?"

"எனக்கு பரீட்சை. அதுல காட்ட இவரு வாயி வேணும். ஒண்ணும் இல்லன்னு சொன்னா வர மாட்டேன்னாரு."

கழிலருந்து காத்து உப்பா அடிச்சுகினு இருந்துச்சு.

"படிச்ச பொண்ணு பண்ற வேலையா இது," பூவாயி சொன்னாங்க. "உன் பரீட்சைக்கு எங்க புள்ளைய சாவடிச்சிட்டியே ரெண்டு நாளா."

"தப்புதாங்க."

"தப்புன்னா ஆயிடுச்சா?"

அப்போதான் ராமதாஸ் மூணு நாளைக்கப்பறம் வாயத் தொறந்தாரு. தொண்ட கட்டிப் போயி காத்து மாதிரி வந்துச்சு.

"பரீட்சையா?"

"ஆமாண்ணே."

அவரு காசியம்மாளைத் திரும்பிப் பாத்தாரு. "பரீட்சையாம்டி."

காசியம்மாள் அப்படியே தரையில ஒக்காந்துட்டாங்க. மொதல்ல தோளு குலுங்குச்சு. அழறாங்கன்னு சிநேகா கிட்ட போனா. அழல, சிரிச்சுகினு இருந்தாங்க. சத்தம் இல்லாம, முந்தானைய வாயில வெச்சு அமுக்கிகினு, கண்ணுல தண்ணி கொட்டக் கொட்ட சிரிச்சாங்க. ராமதாஸ் சிரிக்கல. கழியப் பாத்துகினு ஒக்காந்திருந்தாரு. சிநேகாவுக்கு ரெண்டையும் பாக்கப் பாக்க பயமா இருந்துச்சு. திட்டியிருந்தா தாங்கியிருப்பா.

பையிலருந்து ஒரு தாள எடுத்தா. தமிழ்ல எழுதினா, பெரிய எழுத்துல. இந்தக் குழந்தைக்கும் இவன் தாத்தாவுக்கும் கன்னத்தில் இருக்கும் வெள்ளை பிறவியிலேயே வருவது, இது புற்று அல்ல, இதனால் உயிருக்கும் உடம்புக்கும் எந்த ஆபத்தும் இல்லை. கீழ கையெழுத்துப் போட்டு, பூவாயி கையில குடுத்தா. பூவாயிக்குப் படிக்கத் தெரியாது. மருமக கையில குடுத்து ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாங்க. மூணாவது தடவை படிக்கறப்ப மூட்டைய எடுத்து மருமக பக்கம் தள்ளுனாங்க.

"எழுந்திரு. கடசி பஸ்ஸு போயிடும்."

சிநேகா ராமதாஸ வெள்ளிக்கிழமை வாங்கன்னு கூப்பிடல.

வியாழக்கிழமை விஷயம் தெரிஞ்சதும் டிபார்ட்மெண்ட் மேடம் தலையில கைய வெச்சாங்க. "வர்றது யாரு தெரியுமா? ராமானுஜம். போன வருஷம் ஒரு பையன பேஷண்டுக்கு எத்தினி புள்ளைங்கன்னு தெரியலன்னு பெயில் பண்ணாரு. நோயப் பத்தி அப்பறம்தான் கேப்பாரு. மொதல்ல பேஷண்டு கிட்ட என்ன சொன்னன்னுதான் கேப்பாரு."

"என்கிட்ட இப்போ பேஷண்டே இல்ல மேடம்."

விஜயகுமாரி அக்கா மெதுவா தொண்டையக் கனைச்சாங்க. "எனக்கு செட்டுப் பல்லு குத்தி கீழ ஒரு புண்ணு கீது. சின்னதுதான். நாளிக்கி காலையில வரைக்கும் ஆறாம நான் பாத்துக்கறேன்."

அன்னிக்கு பூரா அவங்க வேணும்னே முறுக்கு தின்னாங்க.

வெள்ளிக்கிழமை. விஜயகுமாரி அக்கா யூனிபார்ம கழட்டிட்டு, சேலை கட்டி, பூ வெச்சு, கேஸா நாற்காலியில ஒக்காந்தாச்சு. சிநேகா வாய்க்கண்ணாடிய கையில எடுத்தா. பின்னால யாரோ செருப்ப வெளியில விடற சத்தம்.

ராமதாஸ். வெள்ள சட்டை, வெள்ள வேட்டி, நெத்தியில விபூதி. பின்னால காசியம்மாள்.

"எழுந்துக்கம்மா," விஜயகுமாரி அக்கா கிட்ட சொன்னாரு. "அது என் சேரு."

அக்கா எழுந்த வேகத்துல பூ கீழ விழுந்துச்சு.

"அண்ணே," சிநேகா கண்ணாடிய ட்ரேல வெச்சுட்டு ஓடி வந்தா.

"பேசாத. லைட்ட போடு. மொதல்ல எடது கன்னத்தக் காட்டு, அங்கதான் தெளிவா தெரியும்." சாஞ்சு ஒக்காந்து வாயத் தொறந்துட்டாரு.

ராமானுஜம் சார் பத்து மணிக்கு வந்தாரு. ஒல்லியா, கண்ணாடி போட்டு, அம்பது வயசு. ரெண்டு பேர ஏற்கனவே அழ வெச்சுட்டு வந்திருந்தாரு. பக்கத்துல டிபார்ட்மெண்ட் மேடம் பேனாவ இறுக்கிப் புடிச்சுகிட்டு. சிநேகா கேஸ் ஷீட்ட நீட்டுனா. அவரு வாங்கல. வாய்க்கண்ணாடிய வாங்கி, குனிஞ்சு, ராமதாஸோட கன்னத்த ஒதுக்கிப் பாத்தாரு.

பாத்துகிட்டே இருந்தாரு.

அப்பறம் வாய்க்கண்ணாடிய எடுக்காம, கண்ண மட்டும் மேல தூக்கி ராமதாஸ் மூஞ்சியப் பாத்தாரு. ராமதாஸும் அவரப் பாத்தாரு. வாய்க்குள்ள கண்ணாடி இருக்கறப்ப எந்த மனுசனாலயும் பேச முடியாது. புருவத்த மட்டும் தூக்கினாரு.

"பேஷண்டு கிட்ட என்ன சொன்னீங்க?" ராமானுஜம் சார் கேட்டாரு. குரல் கொஞ்சம் கம்மியா வந்துச்சு.

மேடம் கண்ணால எதையோ சொன்னாங்க. ஆனா புதன்கிழமையோட சிநேகாவுக்கு பொய்யி தீந்து போச்சு.

"மொதல்ல உண்மைய சொன்னேன் சார், இது ஒண்ணுமில்லனு. அதனால வர மாட்டேன்னாரு. அப்பறம் என் பரீட்சைக்காக பயமுறுத்தினேன். அவரு சாப்பிடல, பேசல. அவரு பொண்ண வூட்டுக்குத் திருப்பி அனுப்பப் பாத்தாங்க. நான் போயி எல்லாத்தையும் ஒத்துகிட்டு, ஒண்ணுமில்லனு எழுதிக் குடுத்துட்டு வந்தேன் சார். இன்னிக்கு இவரு வருவாருன்னு எனக்குத் தெரியாது."

மேடம் கண்ண மூடிக்கிட்டாங்க.

ராமானுஜம் சார் வாய்க்கண்ணாடிய எடுத்து ட்ரேல வெச்சாரு. சத்தம் வராம வெச்சாரு. மூக்குக் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. போட்டாரு. திரும்பவும் கழட்டித் தொடச்சாரு.

"நீங்களே போயி சொன்னீங்களா?"

"ஆமா சார்."

"யாரும் கேக்காமலா?"

"கேட்டாங்க சார். ஆனா அதுக்காக சொல்லல."

"போதும்," அப்படின்னாரு. மார்க் ஷீட்ல ஏதோ எழுதி, மேடம் கையில குடுத்துட்டு, ராமதாஸ் பக்கமா திரும்பி ரெண்டு கையையும் சேத்துக் கும்புட்டாரு. அப்பறம் ரூமுக்குள்ள போயி ஒக்காந்தாரு. நோயப் பத்தி ஒரு கேள்வி கேக்கல. வேற எதுவா இருக்கலாம்னும் கேக்கல. ராவெல்லாம் மனப்பாடம் பண்ணுன பதினேழு நோய்ப் பேரும் சிநேகா வாய்க்குள்ளயே நின்னுது.

மேடம் மார்க் ஷீட்ட ரெண்டு தடவை பாத்தாங்க. "அப்பாவுக்குப் போன் போடு," அப்படின்னாங்க. "காணிக்கை வேணாம்னு சொல்லு, ஏற்கனவே வெச்சாச்சு."

சிநேகா போன் போடல. வராந்தாவுல காசியம்மாள் பக்கத்துல போயி ஒக்காந்தா. உள்ள ராமதாஸ் விஜயகுமாரி அக்காவுக்கு எறா வறுக்கற பக்குவம் சொல்லிகினு இருந்தாரு, மூணு நாளு பேச்சையும் சேத்து.

"நான் பண்ணதுக்கு நீங்க வந்திருக்கவே கூடாதும்மா."

"பயமுறுத்துனதுக்கு வரல. திரும்பி வந்து ஒண்ணும் இல்லனு சொன்ன பாரு, அதுக்குதான் வந்தாரு."

"அத யாரா இருந்தாலும் சொல்லித்தானம்மா ஆகணும்."

காசியம்மாள் கண்ணாடிக் கதவு வழியா உள்ள பாத்தாங்க. ராமானுஜம் சார் முன்னாடி டீ ஆறிப் போயி ஆடை கட்டியிருந்துச்சு.

"எங்க சொல்றாங்க? அதோ தலைய குனிஞ்சுகினு ஒக்காந்து கீறாரே, அவரு படிக்கிற புள்ளையா இருந்தப்ப இதே வாயப் பாத்து, 'பெரிய டாக்டருங்க கிட்ட வந்து காட்டலன்னா ஆறு மாசம்தான் உசுரு'னு சொல்லி எங்க ஆள அவரு பரீட்சைக்கு இட்டுகினு போனாரு, அப்பறம் ஒண்ணும் இல்லனு வந்து சொல்லவே இல்ல. இருவத்திரெண்டு வருசமா எங்க வூட்ல அந்த ஆறு மாசந்தாம்மா ஓடிகினு இருந்துச்சு."